டயரை முதலில் வாங்கிய தப்பு

சித்தப்பாவின் 1984 மாடல் புல்லட் 350 என் கைக்கு வந்தபோது அதன் பின்சக்கரம் அதனுடையதாக இல்லை. நடுவில் சில வருடம் வைத்திருந்தவர் 19 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 18 அங்குலம் போட்டு, 110/90 டயர் மாட்டியிருந்தார். நின்றால் வண்டி கும்மென்று இருக்கும். ஓட்டினால்தான் வண்டவாளம் தெரியும். புதுக்கோட்டை ரோட்டில் 60-க்கு மேல் போய் வளைவில் சாய்த்தால், முன்பக்கம் சாய்ந்து ஒரு நொடி கழித்துப் பின்பக்கம் யோசித்து யோசித்து வரும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். காசுதான் போனது.

அடுத்த முடிவு இன்னும் மோசம். டயர்தான் சரியில்லை என்று நானே தீர்ப்பு எழுதி, 3.50-19 டயர் ஒன்றை (அகலம் 3.50 அங்குலம், ரிம் 19 அங்குலம்) வாங்கி வந்துவிட்டேன். ரிம் இன்னும் வாங்கவில்லை. அந்த டயரைத் தூக்கிக்கொண்டு எங்கள் மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் டயரைப் பார்க்கவே இல்லை. பழைய ரிம்மை எமரி தாள் வைத்துத் தேய்த்து, துருவுக்கு அடியில் இருந்த முத்திரையைக் காட்டினார்: 1.85×18.

"தம்பி, செருப்பு வாங்குறப்ப காலைப் பாப்பியா, செருப்பைப் பாப்பியா?"

அந்த 1.85 என்பது ரிம்மின் உள்ளகலம், அங்குலத்தில். பழைய பிரிட்டிஷ் கணக்கில் இதற்கு டபிள்யூஎம் 2 என்று பெயர். டபிள்யூஎம் 1 என்றால் 1.60, டபிள்யூஎம் 3 என்றால் 2.15. 110 மி.மீ. அகல டயருக்கு 2.15-க்குக் குறையாத ரிம் வேண்டும். ஒல்லியான ரிம்மில் அதைத் திணித்தால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி பந்து மாதிரி உருண்டுவிடும். ரோட்டில் படுவது நடுவில் ஒரு பட்டை மட்டும்தான். பக்கச்சுவருக்குப் பிடிமானம் இல்லாததால் வளைவில் நெளியும். என் வண்டி யோசித்ததற்குக் காரணம் அதுதான். 110 என்று எழுதியிருந்த டயரை அளந்து பார்த்தேன். 104 மில்லிமீட்டர்தான் இருந்தது.

இன்னொரு விஷயம். 18 போட்டால் வண்டி தாழும் என்று நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 110/90 என்றால் டயரின் பக்கச்சுவர் உயரம் 110-இல் 90 சதவீதம், அதாவது 99 மி.மீ. மேலும் கீழுமாக 198. அதோடு 18 அங்குலம், அதாவது 457 சேர்த்தால் 655 மி.மீ. கம்பெனி கொடுத்த 3.25-19-க்கு வருவோம். பழைய அங்குல டயர்களில் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான். 3.25 அங்குலம் 82.5 மி.மீ. இரண்டு பக்கமும் 165, ரிம் 483. மொத்தம் 648. ஆக, சின்ன ரிம் போட்டவர் வண்டியைத் தாழ்த்தவில்லை, விட்ட வித்தியாசமான 7-இல் பாதி, அதாவது 3.5 மி.மீ. உயர்த்தியிருக்கிறார்!

டேப் வைத்து ரிம்மின் வெளிவிளிம்பை அளந்து "இது 20 அங்குலம்டா" என்று சண்டைக்கு வந்தவரும் உண்டு. 19 என்பது டயரின் ஓரம் உட்காரும் இடத்தின் விட்டம். விளிம்போடு அளந்தால் 20-க்கு மேல் காட்டத்தான் செய்யும்.

19-க்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. பின்னால் 3.25-ஆ, 3.50-ஆ? கையில்தான் 3.50 இருக்கிறதே என்று எனக்கு ஆசை. பாய் தன் கடையில் நின்ற வேறொரு புல்லட்டின் சக்கரத்தைக் கழற்றி என் வண்டியில் மாட்டிக் காட்டினார். அதில் இருந்தது 3.50. எங்கும் உரசவில்லை. ஆனால் செயின் கவருக்கும் டயருக்கும் நடுவில் என் சுண்டு விரல் நுழையவில்லை. டபிள்யூஎம் 2-இல் 3.50 உட்காரும், ஆனால் அதற்கு நன்றாகப் பொருந்துவது டபிள்யூஎம் 3. இதற்கெல்லாம்கூட நான் மசியவில்லை. திரும்பக் கழற்றும்போதுதான் மனம் மாறியது. மட்கார்டைத் தாண்டி வெளியே எடுக்க வண்டியைப் படுக்கிற மாதிரி சாய்க்க வேண்டியிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு விராலிமலைப் பக்கம் பஞ்சர் ஆனால்? ஸ்போக் சக்கரம், டியூப் டயர். கழற்றாமல் வேலை நடக்காது. 3.50-ஐக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் காசு தந்தார்கள்.

ரிம் வாங்க, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோடு போனேன். முதல் கடையில் பளபளவென்று குரோம் ரிம், 1.85×19, விலையும் குறைவு. பணத்தை எடுக்கும்போது எதற்கும் இருக்கட்டும் என்று துளைகளை எண்ணினேன். 36. என் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) 40. மற்ற கம்பெனி வண்டிகளில் 36 சகஜம், பழைய புல்லட்டுக்கு 40. எண்ணிக்கை பொருந்தினாலும் போதாது. ஒவ்வொரு துளையும் ஸ்போக் வருகிற திசைக்குச் சாய்த்துக் குத்தப்பட்டிருக்கும். வேறு ஹப்புக்குக் குத்திய ரிம்மில், ஸ்போக்கை இறுக்கும் நிப்பிள் கோணலாக உட்கார்ந்து, ஸ்போக் கழுத்தில் முறியும். மூன்றாவது கடையில் சரியானது கிடைத்தது. ரிம் மாறினால் ஸ்போக் நீளமும் மாறும் என்பதால் 19-க்கான புது செட்டையே வாங்கினேன்.

டயர் எம்.ஆர்.எஃப். 3.25-19. இந்த வண்டி பிறந்தது திருவொற்றியூர் ஆலையில். எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சின்னப் பட்டறையாகத் தொடங்கியதும் அதே திருவொற்றியூரில்தான். வீட்டுப் பெண்ணை வீட்டுக்கே கொண்டுவந்த மாதிரி ஒரு திருப்தி. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த டயரின் பக்கத்தில் கடைசி நான்கு எண்களைப் பார்த்தேன். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். நான்கு வருடம் பரணில் தூங்கிய டயர். வேறு எடுக்கச் சொன்னேன். பக்கத்திலேயே 54 என்று இருந்தது சுமை எண். 212 கிலோ தாங்கும் என்று பொருள். டியூப்பும் ரிம் டேப்பும் புதிதாகவே வாங்கினேன், அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

இத்தனை செய்தும் கடைசியில் ஒரு சறுக்கல். பழைய சக்கரத்தைப் பிரிக்கும் முன் ஹப்பிலிருந்து ரிம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து வைக்கச் சொல்லியிருந்தார் பாய். அவசரத்தில் ஸ்போக்குகளை வெட்டிப் போட்டுவிட்டேன். சக்கரம் கோத்த கடையில் ரிம்மை ஹப்பின் நடுவுக்கு நேராக நிறுத்திக் கொடுத்துவிட்டார்கள். புல்லட்டின் பின் ஹப்பில் இடது பக்கம் பிரேக் டிரம்மும் செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டும் இருப்பதால் ஹப்பின் நடுவும் வண்டியின் நடுவும் ஒன்றல்ல. மாட்டிப் பார்த்தால் சக்கரம் 7 மி.மீ. ஒரு பக்கமாக நின்றது.

பாய் திட்டவில்லை. தறி நூல் ஒன்றை எடுத்துப் பின் டயரில் சுற்றி, இரண்டு பக்கமும் முன் டயர் வரை இழுத்துப் பிடித்தார். முன்னாலும் பின்னாலும் ஒரே 3.25 என்பது அப்போது பெரிய சௌகரியமாகிவிட்டது. நூல் இரண்டு டயரையும் ஒரே மாதிரித் தொட்டால் சக்கரம் நேர், அவ்வளவுதான். ஒரு பக்க நிப்பிள்களைக் கால் கால் சுற்றாகத் தளர்த்தி, மறுபக்கம் அதே அளவு இறுக்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன் நேராக்கிவிட்டார். காற்று முன்னால் 20, பின்னால் 28.

200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். புது ஸ்போக் உட்கார்ந்து கொஞ்சம் தளருமாம். போனபோது ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங். இரண்டு மட்டும் 'டொக்' என்றன. அரைச் சுற்று இறுக்கினார்.