வின்ச்சுக்கு முன்னால் சேஸ்ஸைப் பார்க்கணும்

புதைந்த வண்டியைக் கயிறு சுற்றி இழுத்து எடுக்கிற மோட்டார்தான் வின்ச். அதை வண்டியின் முன்னால் மாட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டன் இழுக்கும்ணே?" என்றுதான். மன்னார்குடிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்து டிராக்டர் டிரெய்லரிலும் பழைய ஜீப்பிலும் கை பழகியவன் நான், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல மாட்டேன். பெட்டியில் 9,500 பவுண்டு என்று போட்டிருக்கும், நம் கணக்கில் ஏறக்குறைய 4,300 கிலோ. அது மோட்டாருடைய பலம். அந்த இழுவையை வாங்கிக்கொள்வது நாலு போல்ட்டும், வின்ச் உட்காருகிற ஒரு பிளேட்டும், வயசான சேஸ்ஸும், அதாவது வண்டியின் அடிச்சட்டமும்.

வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங். ஐப்பசி கார்த்திகை மழையில் குளத்து வரப்பில் வண்டி புதைந்தால் டிராக்டர் வரும்வரை காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது, அதனால் வின்ச் வேண்டும் என்றார். சரி என்று சுத்தியலை எடுத்துச் சேஸ்ஸைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உப்புக்காற்று தின்ற இடம் பொத்தென்று கேட்கும். முன்பக்கக் குறுக்குச் சட்டம் முழுக்கப் பொத். அதைக் கழற்றிப் புதிதாகப் போட்ட பிறகுதான் வின்ச்சையே பெட்டியிலிருந்து எடுத்தோம்.

பிளேட்டைச் சேஸ்ஸோடு வெல்டு வைத்துவிடலாமே என்று நிறையப் பேர் கேட்பார்கள். நான் செய்வதில்லை. சேஸ்ஸுக்குக் குறுக்கே வெல்டு ஓடினால் அந்தச் சூட்டில் ஓரம் விறைத்து, குலுங்கக் குலுங்க விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும். அதனால் போல்ட்தான், அதுவும் 8.8 தரம் என்கிற உறுதி கூடிய போல்ட். சேஸ் பெட்டி மாதிரி இருக்கிற இடத்தில் உள்ளே குழாய்த் துண்டு கொடுத்து முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முறுக்குகிற முறுக்கில் பெட்டியே நசுங்கும். பிளேட்டில் நான் வைக்கிற வெல்டை, முதல் இழுவை முடிந்ததும் சோதிப்பேன். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸைத் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டால், விரிசல் இருக்கிற இடத்தில் மட்டும் முடி மாதிரி ஒரு ஈரக்கோடு வெள்ளையில் தெரியும். பெயின்ட் அடிப்பது அதற்கு அப்புறம்தான்.

கரன்ட்டும் லேசுப்பட்டதில்லை. முழு இழுவையில் 400 ஆம்பியருக்கு மேலே இழுக்கும், இன்ஜின் ஓடும்போது கரன்ட் தருகிற ஆல்டர்னேட்டர் பழைய ஜீப்பில் சின்னது, அதால் அதில் கால்வாசிகூடக் கொடுக்க முடியாது, மீதியெல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகிறது. அதனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். ஒயருக்கு நான் போடுவது தாமிர வெல்டிங் கேபிள், பேட்டரி பக்கத்திலேயே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். முன்னால் ஏறுகிற எடைக்கு ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். பண்ணைக்காரர் முன்பம்பரில் பெரிய கம்பிக்கார்டு (புல் பார்) வைக்கச் சொன்னார், முடியாது என்றேன். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது, நடந்து போகிறவர் மேல் மோதினால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், கயிற்றை எதில் கட்டுவது? மலைக்காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. நம்ம ஊரில் வயலும் வரப்பும் வாய்க்காலும்தான், மிஞ்சினால் தென்னை. தென்னையை நம்பாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது தோப்புத் தோப்பாகத் தென்னை வேரோடு சாய்ந்ததையும், பக்கத்திலேயே பனை நின்றதையும் இங்கே பார்க்காதவர் யார்? பனை கிடைத்தால் பனைதான். கம்பிக் கயிற்றை நேராகச் சுற்றாமல், அகலமான பெல்ட் பட்டையை அடிமரத்தோடு ஒட்டிக் கட்ட வேண்டும்.

மரமே இல்லையா, கடப்பாரை இருக்கிறது. கெட்டியான வரப்பில் இழுக்கிற திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, வண்டிப் பக்கம் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, கடைசியில் ஒன்று என்று அடித்து, முன்வரிசையின் தலையைப் பின்வரிசையின் அடியோடு முறுக்கிக் கட்டினால் ஒன்றை ஒன்று தாங்கும். இழுவைக் கயிறு முன்வரிசையின் அடியில். இல்லையென்றால் மூன்றடிப் பள்ளம் வெட்டி ஒரு பனந்துண்டைக் குறுக்காகப் புதைத்து, பட்டை வெளியே வரச் சரிவாக ஒரு வழி வெட்டிக்கொள்ளலாம். உழுது தொளியாகக் கிடக்கிற வயலில் இரண்டுமே நிற்காது, கெட்டித் தரை தேடித்தான் போக வேண்டும்.

அப்புறம் கப்பி, கயிற்றை அதில் மாட்டி வண்டிக்கே திருப்பிக் கொண்டுவருவது. சக்கரம் அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடையளவு, மட்கார்டு வரை போனால் இரண்டு மடங்கு இழுவை வேண்டும் என்பது கணக்கு. பெட்டியில் போட்ட பலமோ வின்ச்சில் கயிறு சுற்றுகிற உருளையான டிரம்மில் கயிற்றின் முதல் அடுக்குக்குத்தான், சுற்று ஏற ஏறக் குறையும். கப்பி போட்டால் வேகம் பாதியாகும், இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், கயிறும் அதிகம் வெளியே போவதால் முதல் அடுக்கின் பக்கம் வந்துவிடுவோம். டிரம்மில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். கம்பிக் கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போடாமல் சுவிட்சைத் தொடக் கூடாது, அறுந்தால் அது வருகிற வேகத்துக்கு யாராலும் விலக முடியாது. வேடிக்கை பார்க்க நிற்கிற பிள்ளைகளை முதலில் விரட்டிவிட வேண்டும்.

மழைக்காலத்தில் அந்த இறால் பண்ணைக்காரரே போன் செய்தார். தீவன மூட்டையோடு வாய்க்கால் ஓரம் இறங்கிவிட்ட மினி லாரியைக் கடப்பாரை அடித்துக் கப்பி போட்டு எடுத்தாராம். "பின்னாலயும் ஒரு கொக்கி வச்சுடுங்க தம்பி" என்றார். பின்பக்கச் சேஸ்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.