டம்பெல் தூக்கும் கை களைப்பதை ஈ.எம்.ஜி.யில் பிடித்தாயிற்று

ஈ.எம்.ஜி., அதாவது தசையின் மின்துடிப்பைத் தோல்மேல் எலெக்ட்ரோடு ஒட்டி அளப்பதில், ஒருவழியாகக் கோடு இறங்கியது. வலது கை, 6 கிலோ டம்பெல். முதல் பிடியில் (மடக்கிய கையை அசையாமல் நிறுத்துவதுதான் பிடி) மீடியன் அதிர்வெண், அதாவது சிக்னலின் மொத்த பவரைச் சரிபாதியாகப் பிரிக்கும் அதிர்வெண், 74 ஹெர்ட்ஸ். இனி ஏறாது என்று கை நின்றுவிட்ட கடைசிப் பிடியில் 53. நடுவில் உள்ள புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே சரிவில் விழுகின்றன. களைப்பைக் காட்ட இதைவிட நல்ல கோடு வீட்டு மேசையில் கிடைக்காது.

ஈ.எம்.ஜி. விளையாட்டில் இறங்கும் பலரும் அலைவீச்சைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். எடை மாறாமல் திரும்பத் திரும்பத் தூக்கும்போது ஏற்கெனவே உழைக்கும் நார்கள் தளர, மூளை புதிய மோட்டார் யூனிட்டுகளை (ஒரே நரம்பு இயக்கும் நார்க் கூட்டங்களை) இழுத்துவிடும், அலைவீச்சு ஏறும். ஆனால் அதே அலைவீச்சு வியர்வைக்கும் மாறும், எலெக்ட்ரோடு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் மாறும், தோளை ஆட்டித் திருட்டுத்தனமாகத் தூக்கினாலும் மாறும். அதை மட்டும் வைத்துக் களைப்பு என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அதிர்வெண் அந்த அளவுக்கு அலைக்கழிக்காது. உழைக்கும் நாரைச் சுற்றிப் பொட்டாசியம் சேர்கிறது, உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. நார் வழியே ஓடும் மின் அலை, வினாடிக்கு சுமார் 4 மீட்டர் வேகத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைகிறது. மெதுவாக ஓடும் அலை எலெக்ட்ரோடைக் கடக்க அதிக நேரம் எடுக்கும், அதனால் அதன் வடிவம் அகலும். ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பவர் என்ற வரைபடம்) இடப்பக்கம், அதாவது குறைந்த அதிர்வெண் பக்கம், சாயும். களைக்கும் தசையின் துடிப்பு மந்தமாவதை ஜெர்மனியில் ஹான்ஸ் பைப்பர் 1912-லேயே எழுதிவிட்டார்.

இதற்கு ஏடி8232 போர்டு வேண்டாம். அது இதயத்துக்கானது, சந்தையில் கிடைக்கும் போர்டுகள் பெரும்பாலும் 40 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும். தசைக்கு 20 முதல் 450 வரை வேண்டும். என்வலப் (அலையின் மேல்வரம்பு) மட்டும் வெளியே தரும் சென்சாரும் உதவாது, சிக்னலை அப்படியே தரும் ரா அவுட்புட் பின் கட்டாயம். பயோஆம்ப் ஈ.எக்ஸ்.ஜி. பில் என்ற சிறு சென்சார் போர்டு வைத்திருப்பவர்கள் தசைக்கான சால்டர் பாலத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 500 ஹெர்ட்ஸில் ஓடும் மாதிரி நிரல்களை அப்படியே எடுக்காதீர்கள். சாம்பிள் வேகத்தில் பாதிக்கு மேலே பிடிக்க முடியாது, 250-க்கு மேலே உள்ளதெல்லாம் அதில் போச்சு.

சிக்னலைப் படித்துக் கணினிக்கு அனுப்பும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் டைமர்1, பிரீஸ்கேலர் 64, கம்பேர் மதிப்பு 249: சரியாக 1000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 1000 சாம்பிள். கணினிக்கு அனுப்பும் சீரியல் வேகம் 115200. 9600-இல் வினாடிக்கு 960 பைட்தான் போகும். நாலு இலக்க எண்ணும் வரி முடிவும் சேர்ந்து 6 பைட் என்றால் 160 சாம்பிளோடு கதை முடிந்தது.

இனி, உயிரை வாங்கிய இடம். கை மடங்கி நிமிரும்போதே எடுத்த சிக்னலில் மீடியன் கண்டபடி குதிக்கும். நிரலில் பிழை தேட வேண்டாம். கை மடங்க மடங்கத் தோலுக்கு அடியில் பைசெப்ஸ் நகர்கிறது; நரம்பு வந்து சேரும் பட்டை தசையின் நடுவாக்கில் இருக்கிறது, அதுவும் கூடவே நகர்கிறது. அந்தப் பட்டையிலிருந்து அலை இரு திசையிலும் ஓடுவதால், இரண்டு எலெக்ட்ரோடும் அதன் இருபுறமும் மாட்டிக்கொண்டால் ஒன்றை ஒன்று அடித்துச் சிக்னல் இளைத்துவிடும். போதாததற்கு, கோணம் மாறும்போது கை தாங்கும் சுமையும் மாறுகிறது. முன்கை தரைக்கு இணையாக இருக்கையில்தான் உச்சம்.

ஆகவே, கை அசையும்போது அளக்காமல் நிறுத்தி அளப்பதே வழி. முதுகைச் சுவரில் ஒட்டி நின்று, மெட்ரோனோம் தாளத்தில் 2 வினாடி மேலே, 2 வினாடி கீழே, 10 முறை. பத்தாவது முடிந்ததும் முழங்கை 90 பாகையில் 4 வினாடி அப்படியே பிடி. ஓய்வில்லாமல் அடுத்த பத்து. கோணத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்தால் ஆகாது. களைத்த கை தன்னையறியாமல் பத்து பாகை இறங்கிவிடும். இரண்டு நாற்காலி முதுகுக்கிடையே தையல் நூலை இழுத்துக் கட்டி, மணிக்கட்டு நூலைத் தொட்டதும் நிறுத்துகிறேன். நூல் வளைந்தால் கை மேலே போயிருக்கிறது, தொடவில்லை என்றால் இறங்கியிருக்கிறது. எம்பியூ6050 என்ற அசைவு சென்சார் வைத்தும் செய்யலாம். இரண்டு ரூபாய் நூல் போதும்.

4 வினாடிப் பிடியில் முதல் ஒரு வினாடியையும் கடைசி அரை வினாடியையும் தள்ளிவிட வேண்டும். கை அமர்வதும் இறங்கத் தயாராவதும் அங்கேதான். மீதி 2.5 வினாடியில், பாதிக்குப் பாதி மேல்விழும் ஒரு வினாடி ஜன்னல்கள் நாலு கிடைக்கும். பைத்தானில் பட்டர்வொர்த் ஃபில்டர் 20–450 ஹெர்ட்ஸ், பிறகு ஸ்பெக்ட்ரம், மொத்த பவரைச் சரிபாதியாகப் பிரிக்கும் அதிர்வெண், நாலுக்கும் சராசரி. ஒரு பிடிக்கு ஒரே புள்ளி.

எலெக்ட்ரோடு இடம்: தோள் எலும்பு முனையிலிருந்து முழங்கை மடிப்புக்குக் கோடு போட்டு, மடிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். மையத்துக்கு மையம் 20 மி.மீ. ஈ.சி.ஜி. ஸ்டிக்கரின் நுரை அகலமாக இருப்பதால் ஓரத்தைக் கத்தரித்தால்தான் அந்த இடைவெளி வரும். கத்தரித்தால் வியர்வையில் கழன்றுவிடும், மேலே மைக்ரோபோர் டேப் சுற்றுங்கள். இரண்டின் ஜெல்லும் நடுவில் கலந்துவிட்டால் சிக்னல் சரிந்துவிடும். ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு முழங்கை எலும்பின் மேல். ஸ்டிக்கரைச் சர்ஜிக்கல் கடையில் 50 உள்ள பாக்கெட்டாக வாங்குவதே மலிவு, ஆனால் பிரித்த பாக்கெட்டில் ஜெல் காய்ந்துவிடும். ஜிப் கவரில் போட்டு வையுங்கள். காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு கடையில் என் தலையில் கட்டியது முழுக்க வறண்டு கிடந்தது, மாற்றித் தரவும் மாட்டார்களாம்.

லேப்டாப் சார்ஜர் கழற்றியே இருக்கட்டும். பாதுகாப்புக்காகவும்தான், 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்காகவும்தான். இந்த இரைச்சல் இங்கே ரொம்பப் பொல்லாதது: உள்ளே நுழைந்தால் மீடியனை 50 பக்கம் இழுக்கும், களைப்பு வந்ததைப் போலவே கோடு இறங்கும். டேபிள் ஃபேன் தள்ளிப் போகட்டும், எலெக்ட்ரோடு ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்குங்கள். அப்புறமும் மிஞ்சினால் 50-ஐ மட்டும் வெட்டும் குறுகலான நாட்ச் ஃபில்டர்.

இன்னொரு பொறி சூடு. குளிர்ந்த தசையில் அலை மெதுவாக ஓடும். உழைத்துச் சூடேறும்போது வேகம் கூடும். வார்ம்-அப் இல்லாமல் தொடங்கினால் முதல் சில பிடிகளில் மீடியன் ஏறிவிட்டுத்தான் இறங்கும். லேசான டம்பெல்லில் இருபது முறை தூக்கிவிட்டு ஆரம்பித்தால் இந்தத் தொல்லை இல்லை.

நிறுத்தியபின் சில நிமிடங்களிலேயே மீடியன் பழைய இடத்துக்கு நெருங்கிவிடுகிறது. கையோ இன்னும் திரும்பவில்லை. அதே எடையில் பாதி எண்ணிக்கைகூட வருவதில்லை. நார் வழியே மின் அலை ஓடுவது ஒன்று, உள்ளே கால்சியம் வெளியாகிச் சுருங்குவது வேறொன்று. இரண்டாவதை உள்ளே சேரும் பாஸ்பேட் கெடுக்கிறது, அது ஈ.எம்.ஜி.யில் நேராகத் தெரியாது. ஜிம்மில் எல்லாவற்றையும் லாக்டிக் ஆசிட் தலையில் போடுகிறவர்களுக்கு மீடியன், எண்ணிக்கை என்ற இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

இடது கை இன்னும் பாக்கி. அதற்குள் மனசு அடுத்ததற்குப் போய்விட்டது: இரண்டு சேனல் போட்டு அலையின் வேகத்தையே அளப்பது. 20 மி.மீ. தூரத்தை 4 மீட்டர் வேகத்தில் கடக்க 5 மில்லிவினாடிதான்; 1000 ஹெர்ட்ஸில் அது வெறும் ஐந்து சாம்பிள், களைப்பின் மாற்றம் ஒன்றிரண்டு சாம்பிளுக்குள் ஒளிந்துகொள்ளும். 16 பிட் என்று மயங்கி ஏடிஎஸ்1115 என்ற ஏ.டி.சி. (சிக்னலை எண்ணாக்கும் சிப்) வாங்கிவிடாதீர்கள், அதன் உச்சமே வினாடிக்கு 860 சாம்பிள். ஊனோவின் சொந்த ஏ.டி.சி.யையே இரண்டு சேனலுக்கு 2000 வீதம் ஓட்டலாம், ஒரு கன்வர்ஷனுக்கு 104 மைக்ரோவினாடிதான் ஆகிறது. ஆனால் எண்ணை எழுத்தாக அனுப்பினால் சீரியல் தாங்காது. பைனரியாக, சாம்பிளுக்கு 2 பைட்.