ஏ431 நாட்குறிப்பு: ஏற்பிகள் கூடிப்போன செல்

ஜூன் 3, திங்கள்

நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஏ431 புற்றுச் செல் குப்பி ஒன்றை எடுத்தோம். 37 டிகிரி தண்ணீரில் ஒன்றரை நிமிடம். நடுவில் கடுகளவு ஐஸ் மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து 9 மில்லி மீடியத்தில் (செல் வளர்க்கும் ஊட்டக் கரைசல்) சொட்டுச் சொட்டாக விட்டோம். 200 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) கலந்த மேல்நீரைக் கொட்டிவிட்டு டி-25 ஃபிளாஸ்கில் போட்டாயிற்று. மீடியம் ஹை குளுக்கோஸ் டிஎம்இஎம், 10% சீரம்.

85 வயதுப் பெண்மணி ஒருவரின் எபிடெர்மாய்டு புற்றிலிருந்து வந்த செல் வரிசை இது, 1973-ல் வெளியானது. செல்லை வளரத் தூண்டும் புரதமான இஜிஎஃப்-ஐச் செல்லின் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணு இதில் பல படிகளாகப் பெருகிக் கிடக்கிறது. சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட்டில் ஒரு செல்லுக்கு லட்சத்துக்குள் இருக்கும் ஏற்பி, இதில் 20 லட்சத்தைத் தொடும். ஸ்டான்லி கோயன் குழு இஜிஎஃப் ஏற்பியின் பாஸ்பேட் ஏற்றும் வேலையை 1978-ல் காட்டியது இதன் சவ்வை வைத்துத்தான். எண்ணிக்கை அதிகம் என்பதால் எல்லோரும் இதை எடுக்கிறோம். சோதனை கெடுவதும் பெரும்பாலும் அதே எண்ணிக்கையால்தான்.

ஜூன் 6, வியாழன்

ஃபிளாஸ்கின் அடி 80% நிறைந்தது. ஓடு பதித்த தரை மாதிரி தீவு தீவாக வளர்கிறது. பிபிஎஸ் உப்புக் கரைசலால் இரண்டு தடவை கழுவாமல், செல்லைக் கழற்றும் டிரிப்சின் என்சைமை ஊற்றினால், மிச்சச் சீரம் டிரிப்சினை முடக்கிவிடும். கழுவிய பிறகும் 7, 8 நிமிடம் ஆகும். ஃபிளாஸ்கைத் தட்டித் தட்டிக் கழற்றினால் கட்டி கட்டியாக வரும், பொறுத்திருப்பதே மேல். ஒன்றுக்கு நான்காகப் பிரித்தது.

ஜூன் 12, புதன்

நேற்று 6 குழிப் பிளேட்டில் போட்டவை இன்று மாலை 80%. இரண்டு முறை கழுவி, சீரம் இல்லாத மீடியம் ஒவ்வொரு குழிக்கும் 1 மில்லி. சீரத்தின் வளர்ச்சிக் காரணிகள் ஏற்பியைத் தூண்டாதிருக்க 16 மணி நேரப் பட்டினி.

ஏற்பியில் ஏறிய பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் என்சைமைத் தடுக்கும் உப்பான வனடேட் தயாரிக்கவும் இன்றுதான் நேரம். 200 மில்லிமோலார் கரைசலை பிஹெச் 10-க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும். கொதிக்க வைத்தால் நிறம் போகும். ஆறவைத்து மறுபடி பிஹெச் பார்த்தால் இறங்கியிருக்கும். 10-க்கு ஏற்றி மறுபடி கொதி. பிஹெச் 10-லேயே நின்று, நிறமும் திரும்பாமல் இருக்கும் நிலை வரும் வரை இதைச் செய்ய வேண்டும். மஞ்சளாக இருக்கும் வனடேட் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட வனடேட். பாஸ்பட்டேஸை அது சரியாகத் தடுக்காது. செல்லை உடைக்கும் ரிப்பா கரைசலின் வழக்கமான செய்முறையில் வரும் இடிடிஏ-வையும் நீக்கிவிட்டோம். அது வனடேட்டைக் கவ்விக்கொள்ளும். கையால் போட்டதைக் கையாலேயே எடுத்த கதை.

ஜூன் 13, வியாழன்

இஜிஎஃப் ஊற்றிய பின் எத்தனை நிமிடத்தில் ஏற்பியில் பாஸ்பேட் ஏறுகிறது என்று பார்க்க நேரத் தொடர்: 0, 2, 5, 15, 30, 60 நிமிடம். 60 நிமிடக் குழிக்கு முதலில், 2 நிமிடக் குழிக்குக் கடைசியில் இஜிஎஃப். அப்போதுதான் பிளேட் முழுவதையும் ஒரே நொடியில் ஐஸில் வைக்க முடியும். அளவு மில்லிக்கு 100 நானோகிராம். 37 டிகிரிக்குச் சூடேற்றாத மீடியத்தில் கலந்து ஊற்றினால் முதல் 2 நிமிடப் புள்ளி வீண்.

தனியே ஒரு குழியை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தோம். ஐந்து நிமிடத்துக்குள் தீவின் ஓரச் செல்கள் சுருக்கம் வைத்த பாவாடை விளிம்பு போல அலையாடத் தொடங்கின. இது தெரிந்தால் இஜிஎஃப் உயிரோடு இருக்கிறது. தெரியாவிட்டால் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் காணும் சோதனை) ஓட்டுவது வெட்டிவேலை. இஜிஎஃப் வெறும் 53 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். 0.1% பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்தின் ஆல்புமின் புரதம்) இல்லாமல் நீர்த்தால் பாதி பிளாஸ்டிக்குக்குப் போய்விடும்.

வனடேட் கலந்த குளிர்ந்த பிபிஎஸ்-ஆல் கழுவி, குழிக்கு 150 மைக்ரோலிட்டர் ரிப்பா. புரதச் சிதைவைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் கடைசி நிமிடத்தில்தான். தண்ணீரில் அது நெடுநேரம் தாங்காது. சுரண்டி, ஐஸில் 15 நிமிடம் வைத்து, 14,000 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றியது.

ஜூன் 14, வெள்ளி

7.5% ஜெல், குழிக்கு 20 மைக்ரோகிராம். 170 கிலோடால்டன் எடையுள்ள நம் ஏற்பிப் புரதம் மெம்பரேனுக்கு ஏறச் சோம்பல் படும். மெத்தனாலை 10%-க்குக் குறைத்து, 30 வோல்ட்டில் இரவு முழுக்க 4 டிகிரியில் மாற்றப் போகிறோம்.

ஜூன் 15, சனி

ஆன்டிபாடி மெம்பரேனில் கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க 5% பிஎஸ்ஏ. பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் சுமந்தது என்பதால் பால்பவுடர் வேண்டாம்.

ஏற்பியின் 1068-ஆம் அமினோ அமிலமான டைரோசினில் பாஸ்பேட் ஏறியிருந்தால் பிடிக்கும் ஆன்டிபாடி. 5 நிமிடக் கோட்டின் நடுவில் வெள்ளைப் பொந்து, ஓரம் மட்டும் கறுப்பு. ஏற்பி இல்லாமல் வந்த பொந்தில்லை இது. முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியோடு வந்த அளவுக்கு மீறிய என்சைம் அந்த இடத்து ஒளிக் கரைசலை நொடியில் தின்று தீர்த்துவிட்டது. மெம்பரேனை உற்றுப் பார்த்தால் அதே இடம் பழுப்பேறியிருக்கும். இந்தப் பொந்தை அளந்து '5 நிமிடத்தில் குறைகிறது' என்று எழுதினால் அபத்தம். 5 மைக்ரோகிராம் புரதமும் 20,000-க்கு ஒன்றாக நீர்த்த இரண்டாம் ஆன்டிபாடியும் ஏ431-க்குப் போதும். ஏற்பி குறைவான எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச் செல்லுக்கு 40 மைக்ரோகிராம் போட்டாலும் கோடு தேட வேண்டியிருக்கும்; இரண்டையும் ஒரே ஒளிப்பதிவில் ஒப்பிடும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

0 நிமிடத்திலும் மெல்லிய கோடு. பட்டினி போட்டாலும் இந்தச் செல், இதே ஏற்பியில் பொருந்தும் டிஜிஎஃப்-ஆல்ஃபா புரதத்தைத் தானே சுரந்து தன் ஏற்பியைத் தானே தூண்டிக்கொள்ளும். அதை மறைக்காமல் பதிவு செய்வதே சரி.

ஜூன் 18, செவ்வாய்

இஜிஎஃப் அளவுத் தொடர்: மில்லிக்கு 1, 10, 100 நானோகிராம். 1-இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை, 10-இல் சுமார், 100-இல் பிரமாதம். ஏற்பிக்கு இஜிஎஃப் மேல் நாட்டம் குறைவு என்று முடிவு கட்டும் முன் ஒரு கணக்கு.

குழியில் 10 லட்சம் செல், செல்லுக்கு 20 லட்சம் ஏற்பி: மொத்தம் 2 லட்சம் கோடி. மில்லிக்கு 1 நானோகிராம் வீதம் 1 மில்லி ஊற்றினால் அதில் உள்ள இஜிஎஃப் சுமார் 10,000 கோடி மூலக்கூறு. அதாவது ஒரு செல்லுக்கு 1 லட்சம். இருபது ஏற்பிக்கு ஒன்று. 10 நானோகிராமிலும் பாதி ஏற்பிக்குத்தான் வரும். 100-இல்தான் ஐந்து மடங்கு மிச்சம் இருக்கிறது. குப்பியின் மேல் எழுதிய செறிவு, ஊற்றிய நிமிடம் வரைதான் உண்மை. பிறகு ஏற்பியே மீடியத்தைத் துடைத்துவிடுகிறது.

வழி: செல்லைக் குறை, மீடியத்தைக் கூட்டு. 50,000 செல்லும் 2 மில்லியும் வைத்தால் அதே 1 நானோகிராமில் செல்லுக்கு 40 லட்சம் மூலக்கூறு கிடைக்கும். அப்போது வரும் வளைவுதான் நம்பத்தக்கது.

இன்னொரு துடைப்பமும் உண்டு. மரபணு இடம் மாறிக் கோத்ததால், சவ்வில் பதியாத வெட்டுண்ட ஏற்பியையும் ஏ431 மீடியத்துக்குள் சுரக்கிறது. இஜிஎஃப்-ஐப் பிடிக்கும் வெளிப்பகுதி அதில் அப்படியே இருக்கிறது. தூண்டுவதற்கு முன் பழைய மீடியத்தை மாற்றாவிட்டால் அதுவும் பங்கு கேட்கும். வெளிப்பகுதிக்கான ஆன்டிபாடியில் 110 கிலோடால்டன் பக்கம் கூடுதல் கோடு தெரிந்தால் புரதம் சிதைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

ஜூன் 20, வியாழன்

ஃப்ளோ சைட்டோமெட்ரி: ஒளிரும் ஆன்டிபாடி கட்டிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளப்பது. டிரிப்சின் ஏற்பியின் வெளிப்பகுதியைக் கடித்துவிடும் என்பதால் 2 மில்லிமோலார் இடிடிஏ கலந்த பிபிஎஸ். 20 நிமிடம் பிடித்தது. 40 மைக்ரான் வலையில் வடிகட்டி, எல்லாம் ஐஸில், 0.1% சோடியம் அசைடோடு. சூடு பட்டால் ஆன்டிபாடியோடு ஏற்பி உள்ளே போய்விடும்.

இங்கும் அதே கணக்குதான். 10 லட்சம் செல்லின் ஏற்பி 3.3 பிக்கோமோல்; ஏற்பிக்கு ஒன்றாக ஆன்டிபாடி கட்டினால் 0.5 மைக்ரோகிராம், இரு கையாலும் பிடித்தாலும் 0.25. வழக்கம்போல 0.1 போட்டால் ஆன்டிபாடியின் அளவைத்தான் அளந்துகொண்டிருப்போம். செல்லை 1 லட்சமாகக் குறைத்து 0.5 போட்டதும் ஒளி வரைபடத்தின் உச்சி வலப்பக்கம் (ஒளி கூடும் பக்கம்) நகர்ந்தது; 1 மைக்ரோகிராமில் அதற்கு மேல் நகரவில்லை. அந்த இடம்தான் நிறைவு.

ஜூன் 27, வியாழன்

வளர்ச்சிச் சோதனை. 100 நானோகிராம் இஜிஎஃப் போட்ட குழிகளில் செல் குறைவு, சும்மா விட்டவற்றில் அதிகம். லேபிள் மாறவில்லை. வளர்ச்சிக் காரணி மிகுந்தால் ஏ431 வளர மறுக்கும். தூண்டல் தெரிவது 0.05 நானோகிராம் போன்ற நூலளவில்தான். குழிக்கு 2,000 செல் என்று எண்ணிப் போடாமல் கண்ணளவில் போட்டால் செல்லுக்குக் கிடைக்கும் பங்கு மாறி, ஒரு குழி வளரும், அடுத்தது தேயும். அடுத்த பிளேட்டுக்கு எண்ணும் கண்ணாடியில் இரண்டு தடவை எண்ணியாயிற்று.