எட்டு, அட்ட, எயிட்: மொழிமரத்துக்குச் சொல் பொறுக்குவது எப்படி

கொழும்புப் புறக்கோட்டையில் பஸ் ஏறினால் ஒரு நிமிடத்துக்குள் மூன்று எட்டு காதில் விழும். தமிழில் எட்டு, சிங்களத்தில் அட்ட, ஆங்கிலத்தில் எயிட். மூன்றும் ஒரு தாய்ப் பிள்ளைகள் போலத்தான் ஒலிக்கின்றன. ஆனால் சிங்கள அட்டவும் ஆங்கில எயிட்டும்தான் இரத்த சொந்தம். அட்ட, சமஸ்கிருத அஷ்ட என்பதோடு ஒரு வழியில் வந்தது. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்தில் நடுவே ஒரு ஹகர ஒலி இருந்தது. ஜெர்மன் மொழியில் அது இன்றும் கேட்கிறது. நம் எட்டுக்கோ கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி என்று உறவு. பின்னே போகப் போக எட்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கொலி எழும்பி வருகிறது, எயிட்டுக்குள்ளிருந்து ஒரு தொண்டையொலி. உண்மையான உறவு என்றால் பின்னே போகப் போக இரண்டும் நெருங்க வேண்டும். இவை விலகுகின்றன.

மொழிகளின் குடும்ப மரத்தைக் கணினியில் வரைவது பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். மென்பொருளைக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் போதும். சொற்பட்டியல்தான் ஆண்டுக் கணக்கில் ஆளைத் தின்னும் வேலை. மரம் கோணலாக வந்தால் பிழையை முதலில் அங்கே தேடுங்கள்.

வழக்கமாக எடுப்பது அமெரிக்க மொழியியலாளர் மொரிஸ் ஸ்வாதேஷ் தொகுத்த 100 பொருள்களின் பட்டியல். கண், காது, பல், தண்ணீர், நெருப்பு, கல், குடி, வா, இரண்டு, பெயர் போன்றவை. எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஆளுக்குத் தேவைப்பட்டவை. ஆகவே கடன் குறைவு. நாம் போர்த்துக்கேயரிடம் வாங்கிய சொற்களை வைத்தே இதைச் சோதிக்கலாம்: கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண், அலவாங்கு. ஒன்றுகூட அந்த 100இல் இல்லை. கப்பலில் பொருளோடு வந்து இறங்கிய பெயர்கள் அவை. சிங்களம் நம்மிடம் எடுத்த கடே, சல்லி, அம்பலம ஆகியவையும் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கின்றன.

சமஸ்கிருதம் மட்டும் உள்ளே புகுந்துவிட்டது. இரத்தம், சூரியன், நட்சத்திரம், மனிதன், இதயம் ஐந்தும் பட்டியலின் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. தமிழர் பட்டியல் நிரப்பும்போது அதிகம் சறுக்குவதும் இங்கேதான். கை கூசுகிறது; குருதி, ஞாயிறு, விண்மீன் என்று எழுதிவிடுகிறோம். தெலுங்குக்கு அன்றாடப் பேச்சும் தமிழுக்குச் சங்க இலக்கியமும் என்று தரவு சேர்ந்தால், தமிழ் மாறவே மாறாத மொழி என்று கணினி முடிவு கட்டும். அது நாம் ஊட்டிய பொய். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டும்போது விரல் அறுந்தால் வருவதை என்ன சொல்வார்களோ அதைத்தான் எழுத வேண்டும்: ரத்தம். பக்கத்தில் கடன் என்று குறியுங்கள். அதை மறந்தால் எதிர்ப்பக்கம் விழுவீர்கள். தமிழ் இரத்தமும் கன்னட ரக்தமும் தெலுங்கு ரக்தமும் ஒரே மூலத்தில் கடன் வாங்கியவை. உறவுச்சொல், அதாவது ஒரே தாய்ச்சொல்லின் வழி வந்தது, என்று எண்ணினால் மூன்று மொழிகளும் இல்லாத நெருக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளூர்ச் சொல் கன்னடத்தில் நெத்தரு, தெலுங்கில் நெத்துரு. தமிழிலும் நெய்த்தோர் என்று சங்கப் பாட்டில் இருக்கிறது. பழந்தமிழைத் தனி வரிசையாக, அதன் காலத்தோடு சேர்க்கிறீர்கள் என்றால் நெய்த்தோரை அங்கே எழுதுங்கள். இன்றைய தமிழின் வரிசையில் அதற்கு இடமில்லை.

செவி, காது விஷயமும் அப்படித்தான். பேச்சில் காது என்றால் காதுதான். தண்ணீரில் வேறொரு சிக்கல்: தண் + நீர். கன்னட, தெலுங்கு நீருவோடு பொருந்துவது பாதிச் சொல். நீர் என்ற பகுதியை மட்டும் ஒப்பிடுவது என்று முடிவெடுத்தால் எல்லா மொழிகளின் கூட்டுச்சொற்களுக்கும் அதே விதி. (நம் தேத்தண்ணிக்குள்ளும் அந்த நீர் கிடக்கிறது.)

உறவை முடிவு செய்வது ஒலிப்பொருத்தம். தமிழில் சொல் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும்: பால் – ஹாலு, பல் – ஹல்லு, பூ – ஹூ, பத்து – ஹத்து. தமிழ்ச் செவிக்குக் கன்னடத்தில் கிவி. இகர எகரத்தின் முன் பழைய ககரம் தமிழில் சகரமானது. பலுசிஸ்தானத்தில் பேசும் திராவிட மொழியான பிராகூயியில் கண்ணும் கல்லும் தொண்டையில் உரசும் ககரத்தோடு ஃகன், ஃகல் என்று வரும். பல சொற்களில் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது விதி. ஒற்றைச் சொல்லின் ஒற்றுமையை நம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியின் 1984 பதிப்பைப் பாருங்கள்.

பிறகு அட்டவணை. வரிசைக்கு ஒரு மொழி, நிரலுக்கு ஓர் உறவுச்சொல் குழு. இருந்தால் 1, இல்லையென்றால் 0, தெரியாவிட்டால் கேள்விக்குறி. ஒரு மொழியில் முழங்காலுக்குச் சொல் பதிவாகவில்லை என்றால் அந்தப் பொருளின் எல்லா நிரல்களிலும் கேள்விக்குறி போட வேண்டும். சோம்பலில் 0 போட்டால், அந்த மொழி அத்தனை சொற்களையும் இழந்தது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அதன் கிளை தேவையில்லாமல் நீளும். எந்த மொழியிலும் மிஞ்சாத சொற்கள் அட்டவணைக்கே வருவதில்லை என்பதால், இந்த மரங்களை வரையும் பீஸ்ட் (BEAST) மென்பொருளில் பொருளுக்கு ஒரு முழுப் பூச்சிய நிரல் வைத்துத் திருத்தம் கொடுப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

காலத்தைக் கணிப்பதில் ஸ்வாதேஷின் பழைய கணக்கு, ஆயிரம் ஆண்டுக்கு 100இல் 14 சொல் போகும் என்பது. 1962இல் மொழியியலாளர்கள் பேர்க்ஸ்லாண்டும் ஃபோக்ட்டும் அதை உடைத்தார்கள்: ஐஸ்லாந்து மொழி அந்த வேகத்தில் மாறவேயில்லை. இன்று கிளைக்குக் கிளை வேகம் மாற விடுகிறோம். கல்வெட்டுகளை ஆணியாக அடிக்கிறோம். கன்னடத்தில் எழுதிய ஹல்மிடி கல்வெட்டு கி.பி. 5ஆம் நூற்றாண்டு என்றால் கன்னடம் அதற்கு முன்பே பிரிந்திருக்க வேண்டும். மென்பொருள் மரத்தைப் படிப்படியாக மாற்றி மாற்றிப் பார்க்கும்; அந்த ஓட்டம் பல மில்லியன் படிகள் போகட்டும். தொடக்கத் தடுமாற்றம் இருக்கும் முதல் 10 வீதத்தைக் கழியுங்கள். பயனுள்ள மாதிரி எண்ணிக்கை (ஒன்றையொன்று சாராத எத்தனை மாதிரிகளுக்குச் சமம் என்பது) 200ஐத் தாண்டாத முடிவை நம்பாதீர்கள். வேறு வேறு தொடக்கத்திலிருந்து இரண்டு ஓட்டமாவது விட்டு, இரண்டும் ஒரே இடத்துக்கு வருகின்றனவா என்று பாருங்கள்.

2018இல் விஷ்ணுப்பிரியா கோலிபாகம் குழுவினர் 20 திராவிட மொழி வடிவங்களுக்கு 100 சொற்களைப் பேசுவோரிடமே நேரடியாகக் கேட்டுப் பதிந்து இதைச் செய்தார்கள். குடும்பத்தின் வயது ஏறக்குறைய 4500 ஆண்டு. வீச்சு 3000 முதல் 6500 வரை. முக்கிய கிளைகள் தெளிவாக வந்தன. அவற்றுள் எது எதிலிருந்து முதலில் பிரிந்தது என்பது தெளியவில்லை. தமிழுக்கு வயது 4500 என்று அது பகிரப்பட்டது பெரும் பிழை. அந்த எண் பொது மூதாதையின் பிரிவுக்கு உரியது. பிராகூயிக்கும் கோண்டிக்கும் அதே அளவு சொந்தம். வீச்சை விட்டு நடு எண்ணை மட்டும் சொல்வதும் தவறு.

மரத்துக்குள் அடங்காதவை மொழியிலும் உண்டு, வழக்கத்திலும் உண்டு. கொம்பனித்தெருவில் கேட்கும் மலாய், சொல்லால் ஆஸ்திரோனேசியக் குடும்பம். வினையை வாக்கியக் கடைசியில் வைப்பதிலும் வேற்றுமையைப் பெயருக்குப் பின்னே ஒட்டுவதிலும் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பக்கத்தில் நிற்கிறது. சொல்லைத் தனி அட்டவணையிலும் இலக்கணத்தைத் தனி அட்டவணையிலும் வையுங்கள். கலந்தால் இரண்டும் கெடும்.

உறவுமுறை அதைவிடச் சுவையானது. ஹிந்தியில் மாமா மகன் சகோதரன். ஹிந்தியின் தூரத்துச் சொந்தமான சிங்களத்திலோ அவன் மஸ்ஸினா, நமக்கு மச்சான். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் உடன்பிறப்பு, மாமா, மாமி பிள்ளைகள் முறைப் பிள்ளைகள் என்ற கோடு இரு வீடுகளிலும் ஒன்று. முஸ்லிம் வீடுகளில் அப்பா வாப்பாவாகவும் அக்கா ராத்தாவாகவும் மாறியும் மச்சான் இருந்த இடம் அப்படியே இருக்கிறது. மொழிமரத்தில் சிங்களம் ஹிந்தியின் பக்கம். உறவுமுறையில் நம் பக்கம்.

இதைச் சமூகங்களுக்கு இடையே எண்ணும்போது, 1880களின் கடைசியில் மானிடவியலாளர் எட்வர்ட் டைலரிடம் புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டன் கேட்ட கேள்வி குறுக்கே வரும்: ஒரே மூலத்திலிருந்து வந்த வழக்கத்தைப் பத்து ஊரில் கண்டால் அது பத்துச் சான்றா, ஒன்றா? மொழிமரத்தை அடியில் வைத்து வழக்கத்தை மேலே ஏற்றிக் கணக்கிடுவது அதற்காகத்தான். சிங்களத்தைப் போல பக்கத்து வீட்டிலிருந்து வந்ததை மரம் மட்டும் காட்டாது. அதற்கு வலைப்பின்னல் வரைபடமும் வேண்டும். தரவு சேகரிக்கும்போது ‘கசின்’ என்று கேட்காதீர்கள். தாயின் மூத்த சகோதரன் மகன், தந்தையின் இளைய சகோதரி மகள் என்று ஒவ்வோர் இடமாகக் கேளுங்கள். பதில் சொல்பவர் ஆணா பெண்ணா என்பதையும் குறியுங்கள். விளிக்கும் சொல்லும் சுட்டும் சொல்லும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். கொழும்பில் ஓர் ஒழுங்கையில் நான்கு வீட்டைக் கேட்டால் போதும், நான்கு விதமான பட்டியல் கைக்கு வந்துவிடும்.