சுவரில் ஒட்டிய பூசணி விதை

தந்தையின் நினைவு நாள் அன்னதானத்துக்குப் பணம் கட்டுவதற்காகச் செங்கல்பட்டுக்கு அருகேயுள்ள முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சித்திரையில் போயிருந்தேன். அலுவலகத்தில் ரசீது எழுதி முடிப்பதற்குள் கால் தானாகவே பின்கட்டுக்குப் போய்விட்டது. அங்கே முக்கால் ஏக்கரில் ஒரு தோட்டம். இல்லத்தில் இருக்கும் 40 பேருக்கும் வேண்டிய காய்கறியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தவிர மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன என்றார், அதைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர்.

பாத்திரம் துலக்கிய நீர் ஒரு வாய்க்கால் வழியாகக் கல்வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்து, அவற்றின் வேர்களில் அழுக்கை விட்டுவிட்டு வாழைக்குப் போகிறது. சோப்புத் தூளைக் குறைக்கச் சொல்லிச் சமையலறையோடு ஓர் ஆண்டு சண்டை போட்டாராம். கத்தரிக்காயில் புழு துளைத்த பகுதியை அரிந்து மாட்டுக்குப் போடுகிறார்கள். அந்த மாட்டின் சாணம் எரிவாயுக் கலனுக்கும், ஜீவாமிர்தம் என்னும் உரக் கரைசலுக்கும் போகிறது.

கொட்டகையில் அந்தக் கரைசலுக்கான 200 லிட்டர் பீப்பாய் ஒன்று நின்றது. 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் இரண்டிரண்டு கிலோ, வரப்போரத்து மண் ஒரு கைப்பிடி, மீதிக்குத் தண்ணீர். காலையும் மாலையும் கலக்கிவிட்டால் இரண்டு நாளில் தயார். சாணத்திலுள்ள நுண்ணுயிர்கள் வெல்லத்தையும் மாவையும் தின்று பெருகுகின்றன என்பதே இதன் சூட்சுமம். வெல்லம் விலைக்குத்தானே வாங்க வேண்டும், இது எப்படித் தற்சார்பு ஆகும் என்று கேட்டேன் (இப்படிக் குறுக்கே கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது). வாங்க முடியாத மாதங்களில் கனிந்து விழுந்த பப்பாளியைப் பிசைந்து போடுவதாகச் சொன்ன அவர், தவிடும் பிண்ணாக்கும் மட்டும் வெளியிலிருந்துதான் வருகின்றன என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். எல்லாமே உள்ளேயே விளைகிறது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கொட்டகைச் சுவரில் வரட்டி தட்டியிருந்தார்கள். எரிப்பதற்கென்று நினைத்தேன். அருகே அமர்ந்திருந்த பாட்டி ஒன்றைப் பெயர்த்துத் திருப்பிக் காட்டியபோது, காய்ந்த சாணத்துக்குள் பூசணி விதைகள் வரிசையாகப் பதிந்திருந்தன. பச்சைச் சாணத்தில் விதையை அழுத்திச் சுவரில் ஒட்டிவிட்டால் வண்டு அண்டாது, விதைக்கும் நாளில் ஊறவைத்து உடைத்தால் போதும் என்றார். கடையில் வாங்கிய வீரிய ஒட்டுத் தக்காளியிலிருந்து விதை எடுத்து மொட்டைமாடியில் விதைத்து, செடிக்கு ஒரு விதமாகக் காய்த்ததைக் கண்டு விழித்தவன் நான். நாட்டு ரக விதையை இவர்கள் ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள் என்பது எனக்கு உடனே விளங்கியது.

ரசீது தயார் என்று ஆள் வந்து அழைத்தபோது, பாட்டி அந்த வரட்டியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். ஆடிப்பட்டம் வரை உடைக்கக் கூடாது, புகை படும்படி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடு தம்பி என்றார். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு என்று நான் சொல்லவில்லை.