கவர்மென்ட் உள்ள வராத காலத்தையும் நாங்க பாத்தவங்க தான்

ஆர்ஜென்டினா ஜனாதிபதி ஹாவியர் மிலே பேசுற வீடியோவ அக்கா மகன் வட்ஸ்அப்ல அனுப்பிகிட்டே இருந்தான், அங்க தான் இந்த வாக்குவாதம் ஆரம்பிச்சது. அவன் கொழும்புல வேலை, நல்லா வாசிக்கிற புள்ள, சும்மா பேசுற ஆள் இல்ல. "மாமா, கவர்மென்ட் எல்லாத்துலயும் இருந்து கைய எடுத்தா தான் இந்த நாடு உருப்படும், ஸ்கூலயும் சேத்து தான் சொல்றேன்"னான். ஸ்கூலயும் சேத்துனு சொன்ன எடத்துல தான் என்னால பேசாம இருக்க முடியல.

அவன் கோவம் எனக்கு வெளங்காம இல்ல. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன கட்ட முடியாதுனு அரசாங்கமே கைய விரிச்சது, செப்டெம்பராகும் போது விலைவாசி ஏறுற வேகம் கிட்டத்தட்ட 70 சதவீதம், மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் நம்ம சனம் டவுன்ல வெயிலுன்னும் மழையினும் பாக்காம நின்னுச்சி. அத பாத்த பொடியனுக்கு, அரசாங்கத்த வெட்டிச் சுருக்குறேன்னு ஒருத்தர் எழும்பி வந்தா பிடிக்கத் தான் செய்யும்.

மிலே 2023 டிசம்பர் 10ஆம் தேதி பதவிக்கு வந்தவர், அந்த வருசம் அங்க பணவீக்கம் 211 சதவீதம், அடுத்த வருசம் 118க்கு எறங்குச்சி, அது சின்ன விசயம் இல்ல. அமைச்சுக்கள பாதியா கொறைச்சாரு, கல்வி அமைச்ச தனியா வைக்காம இன்னொரு அமைச்சுக்குள்ள ஒரு பிரிவா போட்டாரு. இத வச்சி அவர் ஸ்கூல்கள மூடிட்டாருனு நம்ம ஆளுங்க சில பேர் பேசுறாங்க, அது தப்பு. அங்க ஆரம்பப் பாடசாலைகள் 1978லயே மாகாணங்க கைக்கு போயிருச்சி, இடைநிலைப் பாடசாலைகளும் 90கள்ல போயிருச்சி, அதனால அமைச்ச கலைச்சதுல எந்த ஸ்கூல் கதவும் சாத்தப்படல. நெசமான சண்டை பல்கலைக்கழக காசுல தான் வந்தது. 1949லருந்து கட்டணம் இல்லாம படிக்கிற நாடு அது, 2024 ஏப்ரல்ல லட்சக்கணக்குல சனம் ரோட்டுக்கு எறங்குச்சி, அக்டோபர்ல கெம்பஸ்களுக்கு காசு கூட்டுற சட்டத்த மிலே ரத்து பண்ணாரு, 2025லயும் அதே மாதிரி ஒரு சட்டத்த ரத்து பண்ணப் பாத்தாரு, அந்த தடவை பாராளுமன்றம் விட்டுக் குடுக்கல.

இதுக்கு மேல அவர் எலெக்ஷனுக்கு முன்னால சொன்னது வவுச்சர். ஸ்கூலுக்கு காசு குடுக்காம தாய் தகப்பன் கையில ஒரு சீட்ட குடுத்துரு, அவுங்க விரும்புற ஸ்கூல்ல போய் சேக்கட்டும், ஸ்கூல்கள் போட்டி போட்டுத் திருந்தும். மருமகனுக்கு ரொம்ப பிடிச்சது இது தான். "காசு அதே கவர்மென்ட் காசு தான் மாமா, முடிவு தான் அம்மா அப்பாட்ட போகுது, இதுல உங்களுக்கு என்ன நட்டம்"னு கேட்டான்.

நல்ல கேள்வி. ஆனா சீட்டுக்கு ரெண்டாவது ஸ்கூல் ஒண்ணு வேணுமில்ல? நம்ம மலையகத்து தேயிலைத் தோட்டங்கள்ல, மஸ்கெலியா பக்கம், பொகவந்தலாவ பக்கம் மேல் டிவிசன்ல இருக்கிற புள்ளைக்கு நடந்து போற தூரத்துல ஒரே ஒரு ஸ்கூல், அதுவும் அஞ்சாம் வகுப்பு வரைக்கும், அடுத்தது வேணும்னா பஸ் ஏறணும், மழை நாள்ல பஸ்ஸே வராது. யூனிபோம் துணிக்கு பதிலா வவுச்சர் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கும். துணிய பாத்து எடுக்க முடியுதேனு சந்தோசப்பட்ட வீடும் இருந்துச்சி, நான் மறைக்கல, ஆனா லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல இருந்து டவுனுக்கு பஸ் காசு, அன்னைக்கி ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம் போச்சி, கடையில போனா இன்னும் இவ்வளவு போட்டா தான் நல்ல துணினு சொல்லுவாங்க. சீட்டு எல்லாருக்கும் ஒண்ணு தான், மேல போட காசு இருக்கிறவனுக்கு ஒரு துணி, இல்லாதவனுக்கு ஒரு துணி. சிலியில 1981ல பினோசேயோட இராணுவ ஆட்சியில ஸ்கூலுக்கே இந்த வவுச்சர் முறைய கொண்டு வந்தாங்க, அங்கயும் மேல காசு கட்டக் கூடியவங்க ஒரு பக்கம் ஏழைங்க ஒரு பக்கம்னு பிரிஞ்சி போய், 2006லயும் 2011லயும் மாணவர்கள் போராடி, 2015ல தான் அரசாங்க காசு வாங்குற ஸ்கூல்கள் மேல்கட்டணம் வாங்குறதையும் லாபம் பாக்குறதையும் சட்டம் போட்டு நிறுத்த ஆரம்பிச்சாங்க. ஆர்ஜென்டினாவுக்கு பக்கத்து நாடு தானே, மிலேக்கு இது தெரியாம இருக்காது.

டியூஷன பாருங்க, நம்ம நாட்டுல பெரிசா கட்டுப்பாடு இல்லாத சந்தை அது தான். கெமிஸ்ட்ரிக்கு பேர் போன மாஸ்டர் கண்டிக்கு வருவாரு, ஹட்டன் வரைக்கும் வருவாரு, தோட்டத்துக்கு எதுக்கு வரப் போறாரு? வரவும் இல்ல.

ஆனா என்னைய ரொம்ப பாதிச்சது வவுச்சர் இல்ல. 2024 ஏப்ரல்ல மிலே கட்சி பாராளுமன்ற உறுப்பினர் பெனேகஸ் லின்ச் ஒரு பேட்டியில, கட்டாயக் கல்வியில எனக்கு நம்பிக்கை இல்ல, தகப்பனுக்கு பட்டறையில புள்ள தேவைப்பட்டா ஸ்கூலுக்கு அனுப்பாம இருக்கிறதும் சுதந்திரம் தான்ங்கிற கருத்துப்பட பேசினாரு. அது கட்சிக் கருத்து இல்லனு அரசாங்கம் வெலகிக்கிச்சி, சரி. ஆனா வவுச்சர் யோசனைய 1955ல எழுதின அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மனே குறைஞ்சபட்ச படிப்ப கட்டாயமாக்குறதையும் அரசாங்கம் அதுக்கு காசு குடுக்கிறதையும் ஏத்துக்கிட்டவர், பெனேகஸ் லின்ச் மாதிரி ஆளுங்க அதையும் தாண்டிப் போறாங்க.

பட்டறைங்கிற எடத்துல கொழுந்து மலைய வச்சிப் பாருங்க. எங்க அப்பாயி சின்னப் புள்ளையிலயே தோட்டத்து சம்பளப் பதிவான செக்ரோல்ல அரைப்பேருக்கு, அதாவது அரை நாள் சம்பளத்துக்கு பதிஞ்சவங்க, அதுக்கு முந்தி தம்பிமார இடுப்புல தூக்கிகிட்டு லயத்துல கெடந்தாங்க, கையெழுத்து போடத் தெரியாமலே போய் சேந்தாங்க. ஸ்கூல் இருந்துச்சி, ஒரு ரூம், ஒரு மாஸ்டர், அவருக்கும் தோட்டம் தான் சம்பளம். 1907 சட்டம் 6லருந்து 10 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு தாய்மொழிப் படிப்ப குடுக்கிற பொறுப்ப தோட்டத்த நடத்துற தோட்டத்துரை தலையில போட்டுச்சி, துரைக்கு வேணுங்கிறது கொழுந்தெடுக்கிற கை, அந்த கைக்கு எழுத்து எதுக்கு? நம்ம முப்பாட்டன் பாட்டன் அனுபவிச்சது அரசாங்கம் வாசல்லயே நின்ன ஒரு நாடு. ரோடு துரை ரோடு, டிஸ்பென்சரி துரை டிஸ்பென்சரி, வீடு துரை வீடு, வெளிய இருந்து ஒருத்தர் வரணும்னாலும் துரை உத்தரவு. 1945ல கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்விய கொண்டு வந்தாரு, நாடு முழுக்க ஏழைப் புள்ளைங்க மேல வந்தாங்க, தோட்டப் பாடசாலைகள அரசாங்கம் பொறுப்பெடுக்கிறது முப்பது வருசத்துக்கு மேல கழிச்சி, 1977லருந்து தான்.

இத சொன்னப்ப மருமகன் விடல. "மாமா, காட்ட எல்லாம் 1840 சட்டத்துல முடிக்குரிய நிலம்னு எடுத்து துரைமாருக்கு வித்தது யாரு? கவர்மென்ட். 1948ல பிரஜாவுரிமைய பறிச்சது யாரு? கவர்மென்ட். இத சந்தைனு சொல்லாதீங்க, எங்க ஆளுங்க கெட்டதே கவர்மென்ட்டால தான்"னான்.

பெருமையா இருந்திச்சி எனக்கு, உண்மையத் தான் சொன்னான். அரசாங்கத்துக்கு பயப்பட மலையகத்தானுக்கு இருக்கிற காரணம் மிலேக்கு கூட இல்ல. ஆனா அடுத்த பகுதியையும் பாக்கணும். 1947 பாராளுமன்றத்துல நம்ம இலங்கை இந்திய காங்கிரஸ் ஆளுங்க ஏழு பேர் இருந்தாங்க, ஓட்டு போனதும் 1952ல ஒருத்தரும் இல்ல. 1977ல நம்ம தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாவுல ஜெயிச்சி உள்ள போறாரு, அந்த காலத்துல தான் ஸ்கூலும் அரசாங்கத்துக்கு வருது, அப்புறம் சுவீடன் உதவியில கட்டடம், ஜெர்மன் உதவியில பத்தனை ஸ்ரீபாத கல்லூரி, அங்க படிச்ச நம்ம புள்ளைங்களே டீச்சரா வந்தாங்க. அரசாங்கம் நம்மள விட்டு ஒதுங்கினதால இதெல்லாம் கெடைக்கல, அதுக்குள்ள நம்ம ஆள் போய் உக்காந்ததால கெடைச்சது. 1992ல தோட்ட நிர்வாகம் கம்பனிங்க கைக்கு போனப்ப ஸ்கூலும் அதோட சேந்து போயிருந்தா இன்னைக்கி என்னாகியிருக்கும்னு அவன்ட்ட கேட்டேன், அதுக்கு பதில் வரல.

"நீயே இலவசமா படிச்சவன் தானே"னு நான் ஒரு தடவையும் கேக்கல. அது வாதம் இல்ல, வாய அடைக்கிற வேலை.

அவன் சொல்றதுல நான் முழு மனசோட ஏத்துக்கிறதும் இருக்கு. நம்ம ஸ்கூலுக்கு எடுத்த ஆசிரிய உதவியாளர்களுக்கு மாசம் 6000 ரூபா குடுத்து வருசக்கணக்கா இழுத்தடிச்சது எந்த கம்பனியும் இல்ல, அரசாங்கம். நியமனம் கெடைச்சதும் டவுனுக்கு மாத்தம் வாங்கிட்டுப் போற டீச்சர், அதுக்கு சிபாரிசு கடிதம் குடுக்கிற அரசியல்வாதி, பொம்பளப் புள்ளைங்களுக்கு கதவில்லாத டொய்லட், இதெல்லாம் யார் கணக்குல எழுதுறது? முடிவெடுக்கிற அதிகாரம் கொஞ்சமாச்சும் தாய் தகப்பன் கைக்கு வரணும்னு அவன் சொன்னா நானும் அவன் பக்கம் தான். அதுக்கு சீட்டு தேவையில்ல. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துல கொழுந்தெடுக்கிற அம்மா ஒருத்தவங்க உக்காந்து, எங்க ஸ்கூலுக்கு எத்தன டீச்சர் இருக்கணும், எத்தன பேர் இருக்காங்க, மாத்தம் குடுத்தா பதில் ஆள் யாருனு கேட்டு, வலயக் கல்வி அலுவலகம் எழுத்துல பதில் சொல்ற மாதிரி வேணும். பதில் ஆள் வராம மாத்தம் இல்லங்கிறது விதியாகணும். கூட்டத்த பெரட்டு நேரத்துல, அதான் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்துல வைக்காம ஞாயித்துக்கிழமை வைக்கணும், இப்ப வைக்கிற நேரத்துல ஒரு பேர விட்டுட்டு யாரும் வரமாட்டாங்க.

மருமகன்ட்ட இத எழுதித் தரச் சொல்லியிருக்கேன், அவனுக்கு சிங்களத்துலயும் நல்லா எழுத வரும்.