இரவல் பையும் சேலத்து மலைகளும்

மே 7, 2025, புதன். மன்னார்குடி

பரணிலிருந்து அந்தப் பையை இறக்கியாயிற்று. ஒரு ஜிப் போயிருக்கிறது, ஊக்கு குத்திச் சமாளிக்கலாம். 2004 ஜனவரியில் ஒரு வாரத்துக்கென்று நண்பனிடம் இரவல் வாங்கிய பை. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அவனும் வாய் திறந்து கேட்டதில்லை.

அப்போது எனக்கு 22 வயது. படிப்பு முடிந்து வேலை இல்லாமல், கையில் ஆயிரத்து இருநூறு ரூபாயோடு கொடைக்கானல் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பி, திருச்சியில் அந்த பஸ்ஸைத் தவறவிட்டு, எதிரில் உறுமிக்கொண்டு நின்ற சேலம் வண்டியில் ஏறிவிட்டேன். காரணம் அவ்வளவுதான். ஆறு நாள் இருந்தேன். அப்புறம் சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன், பெங்களூரும் பார்த்தாயிற்று. ஆனாலும் பிடித்த பெரிய ஊர் எது என்று கேட்டால் எனக்கு சேலம்தான் வாயில் வருகிறது. மனைவிக்கு லீவு இல்லை, மகள் மட்டும் வருகிறாள். பதினான்கு வயது. "சேலத்துல என்னப்பா இருக்கு?" என்று மூன்று முறை கேட்டுவிட்டாள்.

மே 8, வியாழன். சேலம்

நாமக்கல் தாண்டி, மல்லூரும் தாண்டியதும் மகளை எழுப்பினேன். மலையைக் காட்ட. டெல்டாக்காரனுக்கு மலை என்றால் என்ன என்பது மலை ஊர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் ஊர் தாம்பாளம் மாதிரி. சின்ன வயதில் விளையாடப் போய் வழி தவறினால் ராஜகோபாலசாமி கோயில் கோபுரம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துதான் வீடு வந்து சேருவோம்.

சேலத்தில் அந்தக் கோபுரத்தின் வேலையை மலைகள் செய்கின்றன. 2004ல் முதல் நாள் காலையிலேயே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். "பெருசா நிக்குது பாரு கண்ணு, அது ஏற்காடு மலை, வடக்கு. இந்தப் பக்கம் ஜருகுமலை, தெக்கு. மேக்க கஞ்சமலை, கிழக்க கோதுமலை. சேலத்துல தொலைஞ்சு போவணும்னா ராத்திரியிலதான் போவணும்." ஆறு நாளும் அதை வைத்துதான் நடந்தேன், யாரிடமும் வழி கேட்கவில்லை. ஊர் பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். புது ஊரில் வழி கேட்காமல் நடப்பவனுக்கு ஒரு திமிர் வரும் பாருங்கள், அந்தத் திமிர்.

அதே திமிரோடுதான் இன்று சாயங்காலம் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜிலிருந்து (வாடகை 1,100, அன்றைக்குத் தங்கியது 90 ரூபாய் அறை, மூட்டைப்பூச்சி இலவசம்) மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். மூணு ரோடு, நாலு ரோடு, அஞ்சு ரோடு, எண்ணத் தெரிந்தால் பாதிச் சேலம் தெரிந்த மாதிரி என்று அளந்துகொண்டே போனேன். போன் வேண்டாம், மலை இருக்கிறது என்றும் சொல்லி வைத்தேன். அஞ்சு ரோட்டில் நின்று நிமிர்ந்தால் தலைக்கு மேல் கான்கிரீட். 2020 ஜூனில் திறந்த ஈரடுக்கு மேம்பாலம். வடக்கும் இல்லை தெற்கும் இல்லை, தூண்தான் வரிசையாக நிற்கிறது. நாலு ரோடு போக நினைத்து நேர் எதிர்த் திசையில் இருபது நிமிடம் நடந்து குரங்குச்சாவடி பக்கம் போய் நின்றோம். மகள் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

ஆட்டோவில் திரும்பினோம். அண்ணன் மேம்பாலத்தின் மேலேயே விட்டார். ஏறின அடுத்த நொடி, ஏற்காடு மலை முழுசாக, மேலே கொஞ்சம் மேகத்தோடு. "இதுதானா உங்க வடக்கு?" என்றாள்.

மே 9, வெள்ளி

காலையில் டவுன் பஸ். அவளுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு. அதிலேயே அவளுக்கு ஊர் பாதி பிடித்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு இருந்த இடத்தில் இப்போது ஈரடுக்குக் கட்டிடம், 2023ல் திறந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, மழைக்கு ஒதுங்க இடம் இருக்கிறது, அன்றைக்கு அதுகூடக் கிடையாது. டீக்கடை எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் குத்துமதிப்பாகக்கூடச் சொல்ல முடியவில்லை, தேடவும் இல்லை.

கோட்டை மாரியம்மனைப் பார்த்துவிட்டுத் திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்றோம். இது சேர்வராயன் மலையில், அதாவது அந்த ஏற்காடு மலையில் பிறந்து ஊருக்குள் வருகிற ஆறு. மலையில் கிளம்பும்போது எப்படி இருக்கிறதோ, இங்கே அதைச் சாக்கடை என்றுதான் மகள் சொன்னாள், மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. 2004லும் இப்படித்தான் இருந்தது. மேம்பாலமும் பஸ் ஸ்டாண்டும் கட்டிய ஊருக்கு இது முடியாதா என்ன? சரி, மூன்று நாள் விருந்தாளி நான், இதற்கு மேல் பேசக்கூடாது. ராஜாஜி 1917லிருந்து இரண்டு வருடம் இந்த ஊர் நகராட்சித் தலைவராக இருந்தவர் என்று பேச்சை மாற்றினேன், அவளுக்குக் கொட்டாவி வந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் கொட்டாவி போய்விட்டது. சேலம் என்றால் மாம்பழம் என்கிற ஆட்களுக்கு இந்த வெள்ளிக் கொலுசுத் தெருக்களைக் காட்ட வேண்டும். கம்பி இழுப்பது ஓர் இடம், வளையம் கோப்பது இன்னொரு வீட்டுத் திண்ணை, மெருகேற்றுவது வேறொரு பட்டறை. ஒரு ஜோடிக் கொலுசு காலுக்கு வருவதற்குள் எத்தனை வீடு ஏறி இறங்குகிறது! கடையில் அந்த அம்மா "எத்தனை டச் பாக்கறீங்க?" என்று கேட்டதும் நான் முழித்தேன், வெள்ளியின் தரத்தைக் கேட்கிறார் என்று மகள் எப்படியோ புரிந்துகொண்டு பேரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கிராம் நூறு ரூபாயைத் தாண்டியிருக்கிறது. மெல்லிசாக ஒரு ஜோடி, சத்தம் போடாதது. "பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கலாம் சாமி, டீச்சருக்குக் கேக்காது" என்றார் அந்த அம்மா.

பிறகு தட்டுவடை செட். இதைத் தனிப் பதிவாகவே எழுதலாம். ஒரு சின்னத் தட்டுவடை, மேலே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, அதன் தலையில் இன்னொரு தட்டுவடை. மொத்தமாக ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில்தான், என்னுடைய சட்டையே சாட்சி. முதல் பயணத்தில் கையில் காசு குறையக் குறைய ராத்திரிச் சாப்பாடே இதுதான். அப்போது ஒரு தட்டுக்கு ஐந்து ரூபாய் கொடுத்த ஞாபகம். இன்று முப்பது. மகள் மூன்று தட்டு, பிறகு முட்டை நொறுக்கல் ஒன்று. "சேலத்துல என்னப்பா இருக்கு" என்கிற கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை.

சின்னக் கடைவீதியில் மல்கோவா வாங்கினோம், மூன்று கிலோ. காயாகப் பார்த்துத் தரச் சொன்னேன்.

மே 10, சனி. ஏற்காடு போய் வந்து, லாட்ஜில்

சனிக்கிழமை கோடையில் ஏற்காடு போகிறவன் முட்டாள். போனோம். பஸ்ஸில் நின்றுகொண்டே.

வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. டி.ஆர். சுந்தரம் 1935ல் தொடங்கிய ஸ்டுடியோ, தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம் 1956ல் இங்கிருந்துதான் வந்தது. இப்போது மிச்சம் அந்த வளைவு மட்டும். கூட்டத்தில் குனிந்து அவளுக்குக் காட்டுவதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை, மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், பதினொன்றில் நிறுத்திக்கொண்டு எலுமிச்சம்பழம் கேட்டாள். மேலே வந்ததும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காபிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர். ஏரிப் பக்கம் போகவே முடியவில்லை, அவ்வளவு கார். நேராகச் சேர்வராயன் கோயிலுக்கு ஜீப் பிடித்தோம். 2004ல் நடந்தேன், இன்று முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் ஒரு குகை, குனிந்துதான் போக வேண்டும், நிமிர்ந்தால் பாறை மண்டையில் இடிக்கும், இடித்தது. மலையாளி மக்களின் சாமி என்றதும் "கேரளாவா?" என்றாள். இல்லை, இவர்கள் தமிழ் பேசுகிற மலைவாசிகள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். அன்றைக்கு நானும் இதே கேள்வியைக் கேட்டு ஒரு பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் லேடீஸ் சீட். ஒரு கையில் மிளகாய் பஜ்ஜி, கீழே முழுச் சேலம். அன்றைக்கு இதே இடத்தில் இருட்டும்வரை நின்று, என் லாட்ஜ் எந்த வெளிச்சம் என்று தேடித் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாம் கொட்டிக் கிடந்த புள்ளிகள். இன்று விளக்கு எரிய ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மகள் கையை நீட்டினாள். "அந்த நீளமான கோடு தெரியுதாப்பா? அதுதான் பாலம். நடுவுல கிளை பிரியுதே, அது அஞ்சு ரோடு. அப்ப இந்தப் பக்கம் வந்தா புது பஸ் ஸ்டாண்டு." போனைப் பார்க்காமல் சொன்னாள். நான் அதை வைத்து எந்தப் பக்கம் கஞ்சமலை என்று தேடினேன், இருட்டிவிட்டது.

கீழே இறங்க பஸ் கிடைக்க ஒன்றரை மணி நேரம்.

மே 11, ஞாயிறு. மன்னார்குடி, இரவு

காயாகப் பார்த்து வாங்கியவை பையிலேயே பழுத்துவிட்டன. ஒன்று நசுங்கி, துணியெல்லாம் மல்கோவா வாசம், துவைத்தும் போகவில்லை. நண்பன் வீட்டுக்கு நான்கு பழம் எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒயர்கூடையில்தான். பையோடு போனால் கேட்டாலும் கேட்டுவிடுவான்.